நோயாளியின் மானமும் ஓர் அமானிதம்



மடுல்சீமைப் பகுதியிலிருந்து ஒரு தாய் தம் மகனைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்ற பிள்ளை தூள் பழக்கத்தோடு வீடு திரும்பியிருக்கிறான். 'தூள்' என்றும் 'குடு' என்றும் நம் ஊர்களில் சொல்லப்படுவது ஹெரோயின்தான். காலில் ஏற்பட்ட ஒரு புண்ணுக்கு மருந்து கட்டப் பக்கத்து மருந்துச்சாலைக்குப் போன இடத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "குடுக்காரனா? எயிட்ஸும் இருக்கும், எட்டி நில்" என்று அங்கிருந்தவர் சொல்லிவிட்டாராம். அன்று வீட்டுக்கு வந்தவன் அதன்பின் எந்த வைத்தியரிடமும் போக மறுக்கிறான்.

அந்தத் தாய் கேட்பது மூன்று கேள்விகள். இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் வைத்துப் பராமரிப்பது பாவத்துக்குத் துணைபோவதாகுமா? இந்தப் பழக்கத்தை விடுவிக்க வைத்தியர்கள் கொடுக்கும் மருந்தும் அபின் வகையைச் சேர்ந்ததுதான் என்கிறார்களே, அது ஹராமா? இரத்தம் சோதிக்கச் சொன்னால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே, என்ன செய்வது?

மூன்றுக்கும் பதில் சொல்வேன், இன்ஷா அல்லாஹ். ஆனால் அதற்கு முன், அந்த மருந்துச்சாலையில் பேசப்பட்ட வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புண்ணுக்கு மருந்து கேட்டு வந்த ஒருவனை நோயோடும் வெட்கத்தோடும் திருப்பி அனுப்பியது அந்த வார்த்தைதான். அது கெட்ட மனத்திலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் பயத்திலிருந்து வருகிறது. பயம் அறியாமையிலிருந்து வருகிறது. அறியாமைக்கு மருந்து கல்விதான்.

அறியாமல் வைத்தியம் செய்தல்

மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அந்தத் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் வாக்கு அபூதாவூத், நஸாயி, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. நோயாளியின் உடல் வைத்தியரின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதே இதன் கருத்து.

முஸ்லிம் ஆட்சியாளர்கள் இதை ஏட்டோடு விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்துபோனார். செய்தி கலீபா முக்ததிரின் காதுக்கு எட்டியது. தலைமை வைத்தியர் ஸினான் இப்னு ஸாபித்தின் பரீட்சையில் தேறாத எவரும் வைத்தியம் செய்யக்கூடாது என்று அவர் கட்டளையிட்டார். பக்தாதில் மட்டும் எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் அந்தப் பரீட்சைக்கு வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வைத்தியருக்கும் பாடம் வேண்டும், பரீட்சை வேண்டும் என்பது நம் சமூகத்துக்குப் புதிய செய்தியல்ல.

பெண்களின் பங்கும் இதில் சிறிதல்ல. அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள், மஸ்ஜிதுன் நபவியில் அமைந்திருந்த ருபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில்தான் பராமரிக்கப்பட்டார்கள். ஷிபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரு தோல் நோய்க்கான ஓதிப்பார்த்தலையும் அன்னைக்குக் கற்றுக்கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்களே கேட்டுக்கொண்டார்கள். நோய் தீர்க்கும் அறிவை ஒருவர் மற்றவருக்குக் கற்பிப்பது சுன்னாவில் இடம்பெற்ற காரியம்.

வைத்தியர் கற்க வேண்டியவை

இன்றைய வைத்தியர், தாதி, தோட்டத்து மருந்துச்சாலையில் இருக்கும் வைத்திய உதவியாளர், நாம் 'மிட்வைப்' என்று அழைக்கும் மருத்துவமாது ஆகியோர் இந்த விடயத்தில் கற்க வேண்டியவை எவை?

முதலாவது, எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பது. உடலுறவாலும், தொற்றுள்ள இரத்தத்தாலும், ஒரே ஊசியைப் பலர் பாவிப்பதாலும், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் அது பரவும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஸலாம் சொல்லிக் கை கொடுப்பதாலோ, நுளம்பு கடிப்பதாலோ, ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதாலோ பரவாது. புண்ணுக்கு மருந்து கட்டுபவர் எல்லா நோயாளிகளுக்கும் அணிவதுபோல் கையுறை அணிந்துகொண்டால் போதும். 'எட்டி நில்' என்று சொல்ல எந்த அவசியமும் இல்லை. தற்செயலாக ஊசி குத்திவிட்டாலும், 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. இதை அறிந்த தாதி பயப்படமாட்டார்.

இரண்டாவது, இதற்குச் சிகிச்சை உண்டு என்பது. தொற்றை முற்றாக அகற்றும் மருந்து பரவலான பாவனைக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நாள்தோறும் தவறாமல் மாத்திரை எடுப்பவர் நோயின்றி நீண்ட காலம் வாழ்கிறார். சோதனையில் தென்படாத அளவுக்கு அவருடைய இரத்தத்தில் கிருமி குறைந்து, அந்த நிலை நீடித்தால், தாம்பத்திய உறவில் அவரிடமிருந்து துணைவிக்குத் தொற்றாது என்பதும் ஆய்வுகளால் உறுதியாகியுள்ளது. ஆபத்தில் இருப்பவர்கள் தொற்றுக்கு முன்பே எடுக்கும் தடுப்பு மாத்திரைகளும் இன்று உண்டு.

மூன்றாவது, தூள் பழக்கம் வெறும் திமிரல்ல என்பது. ஹெரோயின் மூளையின் அமைப்பையே மாற்றிவிடுகிறது. நிறுத்திய சில மணித்தியாலங்களில் உடம்பு நோவு, வாந்தி, வயிற்றோட்டம், தூக்கமின்மை எல்லாம் வந்து, ஒரு வாரம் அளவில் தணிகின்றன. ஏக்கமோ மாதக்கணக்கில் நிற்கும். இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. சில வாரங்கள் விட்டிருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய நினைப்பில் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்று மரணம் நேரலாம். பூட்டிவைத்து, அடித்து, 'திருத்தி' அனுப்பப்பட்ட பிள்ளை வெளியே வந்த சில நாட்களில் இறந்துபோவது இதனால்தான். அப்படி மூச்சு நிற்கும் வேளையில் நலொக்சோன் என்ற மருந்தை உடன் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றலாம்.

மெதடோன், புப்ரெனோர்பின் என்ற மருந்துகள் அளவோடு, வைத்தியரின் கண்காணிப்பில், ஏக்கத்தை அடக்கக் கொடுக்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் இவை இரண்டையும் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மூன்று நோய்க்கு ஒரு வாசல்

இவற்றையெல்லாம் ஒரே வைத்தியர் கற்கத்தான் வேண்டுமா, ஆளுக்கொன்றாகக் கற்றால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். மெதடோன் எடுக்கும் ஒருவருக்குக் காசநோய் வந்து ரிஃபாம்பிசின் என்ற மாத்திரை கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது எச்.ஐ.வி.க்காக எஃபாவிரென்ஸ் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது. இவை இரண்டுமே மெதடோனை உடம்பிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று நடுங்கி, வியர்த்து, மருந்தைக் கூட்டித் தரும்படி கெஞ்சுவார். ஒரு மருந்தை மட்டும் கற்ற வைத்தியர், "இவன் மறுபடியும் பழைய வழிக்குப் போகிறான்" என்று அவரை விரட்டிவிடுவார். மூன்றையும் சேர்த்துக் கற்றவர் மெதடோனின் அளவைச் சரிசெய்வார். நோயாளி பொய் சொல்லவில்லை, அவருடைய உடம்பு உண்மையைச் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும்.

ஈரானின் கெர்மன்ஷா நகரில் ஆரஷ் அலாயி, காமியார் அலாயி என்ற இரு சகோதர வைத்தியர்கள் செய்தது இதைத்தான். எச்.ஐ.வி., பாலியல் நோய்கள், போதைப் பழக்கம் மூன்றுக்கும் ஒரே கூரையின் கீழ் சிகிச்சை தரும் 'முக்கோணக் கிளினிக்' ஒன்றை அவர்கள் அமைத்தார்கள். எந்த நோய்க்காக ஒருவர் உள்ளே போகிறார் என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2004இல் அதை ஒரு முன்மாதிரியாக எழுதி வெளியிட்டது.

மலேசியாவில் 2005இல் மெதடோன் சிகிச்சை அரசாங்கத் திட்டமாகத் தொடங்கியது. பின்னர் கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே, மலாயாப் பல்கலைக்கழக வைத்தியர்களின் துணையோடு, அந்த மருந்து வழங்கப்பட்டது. மருந்தும் தொழுகையும் ஒரே முற்றத்தில் நடந்தன. ஆபிரிக்காவின் உகண்டாவில் முஸ்லிம் வைத்தியர் சங்கம் இமாம்களுக்குப் பயிற்சி கொடுத்து, எயிட்ஸ் பற்றிய அறிவை அவர்கள் மூலம் வீடுகளுக்குக் கொண்டுபோனது. ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு 1998இல் அதைப் பாராட்டி ஒரு நூலே வெளியிட்டது.

நம் மொழி பேசும் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். நோயாளிகளைத் தொடவே வைத்தியர்கள் அஞ்சிய காலம் அது. 1993இல் டாக்டர் சுனிதி 'ஒய்.ஆர்.ஜி. கேர்' என்ற நிலையத்தைத் தொடங்கினார். சிகிச்சையோடு, வைத்தியர்களையும் தாதிகளையும் பயிற்றுவிப்பதையும் அது தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அவர் 2015இல் காலமானார்.

அமெரிக்காவிலும் புப்ரெனோர்பின் எழுதித்தர வைத்தியர்கள் எட்டு மணித்தியாலப் பயிற்சி பெற்றுத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மிகச் சிலரே அதற்கு முன்வந்ததால் நோயாளிகள் அலைந்தார்கள். 2022 டிசம்பரில் அந்தத் தனி அனுமதி நீக்கப்பட்டது. 2023 முதல், அபின் வகை போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதும் வைத்தியர்கள் பொதுவாக அனைவருமே போதைப் பழக்கச் சிகிச்சை பற்றி எட்டு மணித்தியாலம் கற்க வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு சிலருக்கு மட்டும் உரிய வித்தையாக இருந்தது எல்லாருக்குமான பாடமானது.

நம் நாட்டில்

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல். இன்று மாவட்டங்கள் தோறும் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. பதுளையிலும் உண்டு. சோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியம்.

நம் பெண்களும் மருத்துவமாதரும் பெருமைப்பட வேண்டிய ஒரு காரியமும் நடந்திருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்கில் எல்லோரிடமும் இரத்தம் எடுக்கிறார்களே, அந்தச் சோதனையால் கிடைத்த வெற்றி அது. லயக் காம்பராவுக்கும் மலையேறிப் போய்க் கர்ப்பிணிகளைத் தேடிப் பதிவுசெய்த மருத்துவமாதுக்கு அதில் பெரும் பங்குண்டு. பயிற்சி பெற்ற கை வீடுவரை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுபக்கமும் உண்டு. தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால், தொற்றே இல்லாத ஒரு சிறுவனுக்கு வடமேல் மாகாணத்தில் பாடசாலைக் கதவு மூடப்பட்டது. அவனுடைய கல்வி உரிமைக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அது 2016இல் நடந்தது. ஒரு நாவிலிருந்து புறப்பட்ட வார்த்தை ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்.

நம் நாட்டில் ஹெரோயின் பாவிப்போர் பெரும்பாலும் அதைப் புகைக்கிறார்கள், ஊசியாக ஏற்றுவோர் குறைவு. ஊசி பரவிய நாடுகளில் எச்.ஐ.வி.யும் தீப்போல் பரவியது. ஆகவே பயிற்சிக்கு உகந்த காலம் இதுதான், தீ பிடித்த பின்பல்ல. அந்தப் பயிற்சி பெரிய நகரத்து வைத்தியசாலையோடு நின்றுவிடக் கூடாது. மடுல்சீமையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்குப் போய்வர ஒரு நாட்கூலி போய்விடும். எனவே நோயாளி முதலில் காணும் முகம் தோட்டத்து மருந்துச்சாலையில் இருப்பவரின் முகம்தான். அவருக்கு மருந்தும் தெரிய வேண்டும், நோயாளியின் மொழியும் தெரிய வேண்டும், கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசவும் தெரிய வேண்டும்.

ஒருவர் ஏதேனும் சொல்லும்போது அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால், அவர் சொன்னது அமானிதமாகிவிடும் என்று நபிமொழி உண்டு. மருந்துச்சாலையில் வாய் திறக்கும் முன் கதவைத் திரும்பிப் பார்க்கும் நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றியே சொல்லப்பட்டது போலில்லையா? வைத்தியர் காழியார் அல்ல. பாவத்தை விசாரிப்பது அவர் வேலையுமல்ல.

தாயின் கேள்விகளுக்கு

முதலாவது, பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது. மதுவுக்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஸஹாபி ஒருவர் சபித்தபோது, அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியில் வருகிறது. குற்றம் குற்றம்தான். ஆனால் மனிதன் தள்ளப்படவில்லை. உம்மா, உங்கள் மகனுக்குச் சோறும் படுக்கையும் கொடுங்கள். தூள் வாங்கப் பணம் கொடுக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, மருந்து. நம் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்-ஹைதமி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்தவர்கள். அபின் பழகி, விட்டால் உயிர் போகும் நிலைக்கு வந்தவனைப் பற்றி அவர்களிடம் கேட்கப்பட்டது. அது உறுதியாகத் தெரிந்தால், உயிர் காக்க அவன் அதை எடுப்பது ஆகும், கடமையும்கூட என்றும், ஆனால் உடம்பு உணராதபடி சிறுகச் சிறுகக் குறைத்து விட்டுவிடுவது அவன்மீது கடமை என்றும் தீர்ப்பளித்தார்கள். ஹனபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும் தம் நூலில் இதை எடுத்தெழுதியிருக்கிறார்கள். வைத்தியர் அளந்து தரும் மருந்து போதைக்காக அல்ல, போதையிலிருந்து மீள்வதற்காக. எந்த மருந்து, எவ்வளவு காலம் என்பதைப் பயிற்சி பெற்ற வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும். தானாக வாங்கி விழுங்குவதற்கு இந்தத் தீர்ப்பை ஆதாரமாக்கக் கூடாது. பதுளை வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சிகிச்சை நிலையம் கண்டியிலும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சிகிச்சை நிலையங்களுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அதைக் காட்டாத இடத்தில், அடித்துத் திருத்துகிறோம் என்பவர்களிடத்தில், பிள்ளையை விடாதீர்கள்.

மூன்றாவது, இரத்தச் சோதனை. அதைக் கட்டாயம் செய்யுங்கள். தொற்று இல்லையென்றால் மனம் ஆறும். இருந்தால் மருந்து உண்டு. பதுளை நிலையத்தில் மகனுடைய விடயத்தை மகனிடம்தான் பேசுவார்கள். உம்மாவாகிய நீங்களும் அவன் சொன்னாலொழியக் கேட்காதிருப்பது நல்லது.

நாமும் பயில வேண்டியது

சகோதரிகளே, வைத்தியருக்குச் சொன்ன பாடத்தில் பாதி நமக்கும் உரியது. தொற்றுள்ளவரின் தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சோதனை முடிவை மருத்துவமாதிடம் துருவிக் கேட்காதீர்கள். ரமழானில் நாளுக்கு ஒரு மாத்திரை எடுப்பவர் ஸஹரிலோ நோன்பு திறந்த பின்னோ எடுக்கலாம். வைத்தியரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளட்டும், நோன்புக்காக மருந்தை நிறுத்த வேண்டாம். மய்யித்துக் குளிப்பாட்டும் தாய்மாரே, தொற்றுள்ளவரின் ஜனாஸாவையும் கையுறையும் மேலங்கியும் அணிந்து, உங்கள் கையில் புண் இருந்தால் மூடிக்கொண்டு, மற்ற ஜனாஸாவைப் போலவே குளிப்பாட்டுங்கள். பயத்தால் ஒரு முஸ்லிமின் கடைசி உரிமையைப் பறித்துவிடாதீர்கள்.

உங்கள் ஊர்ப் பெண்கள் மஜ்லிஸுக்கு மருத்துவமாதை ஒரு முறை அழையுங்கள். தோட்டத்து மருந்துச்சாலை ஊழியருக்கும் இந்தப் பயிற்சி கிடைக்கும்படி சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கு எழுதுங்கள். பள்ளி நிர்வாகத்தினரின் கையொப்பத்தையும் சேர்த்து அனுப்பினால் கூடுதல் பலம். படிக்கும் பெண் பிள்ளைகளில் ஒருத்தியேனும் தாதியாக, வைத்தியராக வரட்டும்.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நாம் எல்லோரும் அறிந்த நபிமொழி. மருந்து கொடுக்கும் கைகளுக்கு அறிவையும், அக்கைகளுக்குரியவர்களின் நாவுக்கு அடக்கத்தையும், நோயுற்ற நம் பிள்ளைகளுக்கு ஷிபாவையும் அவன் தருவானாக. ஆமீன்.